சாமக்கோழி அட்டைகள்

மானிப்பாய்ச் சந்தைக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை. போட்டோக்கொப்பி எடுக்கலாம், அடையாள அட்டை லமினேற் செய்யலாம், படங்களுக்குப் பிறேம் போடலாம். முதலாளி, வேலையாள், காலையில் கூட்டித் தண்ணீர் தெளிக்கிறவர் எல்லாம் ஜெயதீபன் ஒருவன்தான். வயது நாற்பத்தாறு. அக்கம்பக்கத்துக் கடைகளில் சாமிப் படமும் கலண்டரும் தொங்க, அவனுடைய கடைச் சுவரில் போன சித்திரையிலிருந்து இருபத்துமூன்று பேய்கள் தொங்கின.

வீட்டில் தொங்கியிருக்க வேண்டியவை அவை. வீட்டுக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்து முடித்த அன்று, ஜெயதீபன் முதல் பிறேமைக் கொண்டுபோய் முன் அறைச் சுவரில் பிடித்துப் பார்த்தான். அடுப்படியிலிருந்து வந்த மனைவி தாரிகா அதைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள்.

"உந்த எலும்புக்கூட்டைப் பாத்துக்கொண்டு என்னாலை சோறு தின்ன ஏலாது. நாலு சனம் வந்து போற வீடு."

"இது கலை, தாரிகா."

"கலை எண்டால் கடையிலை மாட்டுங்கோ."

பேய்கள் கடைக்கு வந்த கதை அதுதான்.

எல்லாம் 'சாமக்கோழி' என்ற சித்திரக்கதைப் புத்தகத்தின் அட்டைகள். எண்பதுகளில் இந்தியாவில் எங்கோ ஒரு சிறிய அச்சகத்தில் அடித்து, கடல் தாண்டி யாழ்ப்பாணம் வந்து, கை மாறிக் கை மாறிக் கிழிந்து, கடைசியில் பழைய புத்தகக் கடைக்காரரின் சாக்கில் கிடந்தவை. பத்து வயதிலிருந்து ஜெயதீபன் அந்தச் சாக்கைக் கிண்டிக் கிண்டிச் சேர்த்தான். இடது மேல் மூலையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சேவல் கூவிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே, 'இதய பலவீனமுள்ளோர் இப்புத்தகத்தைத் தொடற்க' என்று கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அந்த வரியைக் கண்டால் எந்தப் பெடியன் தொடாமல் போவான்?

அட்டைகளை வரைந்தவர் கொலின்ஸ் என்ற ஓவியர். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தன் பெயரைக் கல்லறை மேல்தான் எழுதுவார். கதையில் கல்லறை இல்லாவிட்டால் எங்கேயாவது ஒரு மூலையில் ஒன்றை நட்டு, அதில் பெயரைப் போட்டுவிடுவார். பத்தொன்பதாம் இலக்கத்தில் தபாற்கந்தோருக்குள்ளேயே, முத்திரை விற்கிற யன்னலுக்குக் கீழே, ஒரு கல்லறை நின்றது.

கொலின்ஸுக்கு உடம்பின் கணக்குத் தெரியாது. ஆனால் மனம் தாராளம். ஏழாம் இலக்கமான 'கிணற்றுக்குள் ஒரு கை'யில், கிணற்றை விட்டு மேலே வருகிற பச்சைக் கைக்கு ஆறு விரல்கள் கொடுத்திருந்தார். அது போதாதென்று மணிக்கட்டில் ஒரு மணிக்கூடு. அந்த மணிக்கூட்டில், கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மணிக்கூடுகளைப்போலவே, பத்து மணி பத்து நிமிடம். பன்னிரண்டாம் இலக்கத்து எலும்புக்கூட்டுக்கு மீசை. ஆண் எலும்புக்கூடு என்று வாசகருக்கு விளங்க வேண்டுமே! அச்சகத்தார் தங்கள் பங்குக்கும் ஒன்று செய்தார்கள். சிவப்பு மை எப்போதும் அரை அங்குலம் தள்ளி விழும். அதனால் 'இரத்தம் குடிக்கும் தபாற்காரன்' அட்டையில் இரத்தம் பல்லால் வடியாமல் காதால் வடிந்தது.

இவர்கள் எல்லோருக்கும் நடுவே அவள் இருந்தாள். மஞ்சள் சேலைக்காரி. இருபத்துமூன்று அட்டையிலும் ஒரே பெண். கொலின்ஸுக்கு வேறு முகம் வரைய வராது போல. எந்தப் பேய் எங்கே எழும்பினாலும் ஒரு பக்கத்தில் அவள் ஓடிக்கொண்டிருப்பாள். வாய் திறந்திருக்கும், கை கன்னத்தில் இருக்கும், பல்வலிக்காரி மாதிரி. ஆனால் சேலை குலையாது. தலையில் வைத்த பூ விழாது. பத்து வயது ஜெயதீபனுக்கு அவள்மேல் சொல்லத் தெரியாத ஒரு இரக்கம். போன மாதம்தானே எலும்புக்கூட்டிடமிருந்து தப்பினாள், பிறகும் ஏன் இந்தப் பாழ்கிணற்றடிக்கு வந்தாள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவனுடைய அம்மா ஞானாம்பிகை அட்டைகளைப் பார்த்துவிட்டு, "உந்த மனுசிக்குப் பிள்ளை குட்டி, வீடு வாசல் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டது அவனுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

கடையில் கொப்பி எடுக்க வந்து காத்துநிற்கிறவர்களுக்கு ஜெயதீபன் ஒவ்வொரு அட்டையின் கதையையும் சொல்லுவான். ஆஸ்பத்திரிக்கு வந்த கிழவர்கள், விண்ணப்பப் பத்திரத்தோடு வந்த பெட்டைகள் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். ஒரு விஷயத்தை மட்டும் அவன் யாருக்கும் சொல்வதில்லை. உள்ளே என்ன கதை இருந்தது என்பது அவனுக்குச் சத்தியமாக நினைவில்லை. முப்பது வருடமாக அவனிடம் இருந்தவை அட்டைகள் மட்டும்தான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி கடைசியில், ஆமி கிட்ட வருகிறதென்று, சனமெல்லாம் ஒரே நாளில் எழும்பி வெளிக்கிட்டபோது ஜெயதீபனுக்குப் பதினாறு வயது. வீடு கோப்பாயில். வெளியில் மழை. ஒரு சைக்கிள், மூன்று பேர். அம்மா ஆளுக்கு ஒரு பை என்று சொல்லிவிட்டாள். அவன் சாமக்கோழிப் புத்தகங்களை அடுக்கிப் பைக்குள் வைக்கப் போக, அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப்போட்டாள்.

"அரிசி கொண்டு போகவே இடமில்லை. இவர் பேயைக் கொண்டு போகப் போறார்."

அவன் அழவில்லை. அப்பாவின் சவர பிளேட்டை எடுத்து, இருபத்துமூன்று அட்டைகளையும் முதுகோரமாக நேராக வெட்டி எடுத்தான். அட்டைகளைச் சேர்டிபிக்கற் பைலுக்குள், பிறப்புச் சான்றிதழுக்குப் பின்னால் செருகினான். அட்டை போன புத்தகங்களைச் சாமியறைக்குப் பக்கத்து அறையில் கட்டிலுக்குக் கீழே கிடந்த றங்குப்பெட்டிக்குள் வைத்து மூடினான். இரண்டு கிழமையில் திரும்பி வந்து ஒட்டிவிடலாம் என்பது அவனுடைய திட்டம்.

அட்டைகள் கைதடிப் பாலம் கடந்தன, கிளாலிக் கடல் கடந்தன, கிளிநொச்சியில் ஓலைக் கொட்டிலில் மழைக்கு ஒழுகாத ஒரே மூலையில் தூங்கின. வவுனியாச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பைலைத் திறந்து, சான்றிதழைப் புரட்ட, மீசை வைத்த எலும்புக்கூடு எட்டிப் பார்த்தது. சிப்பாய் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜெயதீபனுடைய அம்மா, மூச்சு விடாமல் நின்றவள், அதற்குப் பிறகு அந்த அட்டைகளைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை.

இரண்டு கிழமை எட்டு வருடமானது. பாதை திறந்து அவர்கள் கோப்பாய்க்குத் திரும்பியபோது வீடு கூட்டித் துடைத்துத் துப்புரவாக இருந்தது. இடையில் யாரோ ஒரு குடும்பம் அங்கே இருந்துவிட்டுப் போனதாகவும் வீட்டுத் திறப்பைத் தானே வாங்கி வைத்ததாகவும் சித்தப்பா சொன்னார். றங்குப்பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

இந்த ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. இறங்கியவள் அந்தப் பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணித் தாய்மாரையும் பிறந்த குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவள். பெயர் பிரசாந்தி. முப்பத்தெட்டு முப்பத்தொன்பது வயதிருக்கும்.

"அண்ணை, இந்தத் தாளிலை நாப்பது கொப்பி வேணும். கிளினிக்குக்கு."

மெஷின் ஓடத் தொடங்கியது. அவள் சுவரைப் பார்த்தபடி நகர்ந்தாள். தபாற்காரனுக்கு முன்னால் வந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். ஜெயதீபனுக்குப் பழகிய சிரிப்பு அது. திரும்பாமலே தொடங்கினான்.

"அவர் தபாற்காரன், மிஸ். பகல்லை கடிதம் குடுப்பார். எந்த வீட்டிலை ஆக்கள் தனிய இருக்கினம் எண்டு பாத்து வைச்சு, இருண்டாப்போலை வந்து ரத்தம்—"

"இல்லை, அண்ணை. அவன் ரத்தம் குடிக்கேல்லை. அவனுக்குப் பல்லுப் பிடுங்கினது."

"என்னது?"

"கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப்போட்டு, பஞ்சைக் கடிச்சுக்கொண்டு வேலைக்கு வாறான். வாயெல்லாம் ரத்தம். கதைக்கவும் ஏலாது. சனம் கண்டிட்டுப் பேய் பேய் எண்டு கலைக்குது. கடைசி மட்டும் கலைச்சுக்கொண்டே திரியுதுகள். பாவம், பையுக்குள்ளை அவன்ரை பேருக்கும் ஒரு கடிதம் கிடக்கு. அதைப் பிரிச்சு வாசிக்க அவனுக்கு ஒரு நிமிசம் குடுக்கேல்லை."

மெஷின் நாற்பதாவது தாளைத் துப்பிவிட்டு நின்றது. ஜெயதீபனுக்குக் கோபம் வந்தது. தன் பேயை ஒருத்தி பல்வலிக்காரன் ஆக்கிவிட்டாள்.

"மிஸ், நீங்கள் வேறை என்னத்தையோ வாசிச்சிருக்கிறியள். அட்டையைப் பாருங்கோ. எவ்வளவு நீளப் பல்லு!"

"அட்டையை இப்பதானே முதன்முதல் காணுறன். ஆனா பேர் இதுதான். உள்ளை முதல் பக்கத்திலையும் இந்தக் கண்ணாடிச் சேவல் இருக்கும். எங்களிட்டை இருந்த ஒரு புத்தகத்துக்கும் அட்டை இல்லை, அண்ணை. ஆரோ பிளேட்டாலை நேராக் கீறி எடுத்திருந்தது. எந்தப் பாவி செய்தானோ எண்டு அப்பா பேசாத நாளில்லை."

ஜெயதீபன் கையில் இருந்த தாள்களை மேசையில் வைத்தான். அடுக்காமல் வைத்ததால் நாலைந்து கீழே விழுந்தன. அவன் குனியவில்லை.

"அந்தப் புத்தகங்கள் எங்கை கிடந்தது, பிள்ளை?" மிஸ் எப்போது பிள்ளையானாள் என்று அவனுக்கே தெரியாது.

"கோப்பாயிலை. நாங்கள் மயிலிட்டி ஆக்கள். தொண்ணூறிலை ஊரை விட்டு எழும்பினது; பிறகு எத்தினை இடம்! தொண்ணூற்றாறிலை தென்மராட்சியாலை திரும்பி வரேக்கை எங்களுக்குப் போக ஊர் இல்லை. கோப்பாயிலை ஒரு வெறும் வீடு, ஆக்கள் வன்னிக்குப் போட்டினம் எண்டு ஆரோ காட்டிச்சினம். எனக்கு ஒன்பது வயது. ஒரு றங்குப்பெட்டிக்குள்ளை..."

"வாசல் நிலையிலை பென்சில் கோடு இருந்ததோ?"

"ஓம்! உயரம் பாத்துக் கீறினது. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலையும் 'ஜெ' எண்டு எழுதியிருக்கும். நானும் அதிலைதான் நிண்டு பாக்கிறனான். அவன்ரை பன்ரெண்டு வயதுக் கோட்டைத் தொட எனக்குப் பதினாலு—"

அவள் நிறுத்தினாள். கடைக்கு வெளியே தொங்கிய பெயர்ப்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது.

"அண்ணை, நாங்கள் ஒரு சாமானும் உடைக்கேல்லை. சாமியறைக்கு அம்மா விளக்கு வைக்கிறதோடை சரி, எங்களை உள்ளை விடமாட்டா. திறப்புக் குடுக்கிற அண்டைக்கு முழு வீட்டையும் கழுவித்தான் குடுத்தவ. ஆரின்ரையோ சாமான், ஒரு கரண்டியும் எடுக்கக்கூடாது எண்டு சொன்னவ. நான்தான்... அந்தப் புத்தகங்களை மட்டும் என்ரை உடுப்புக்குள்ளை மறைச்சுக் கொண்டு வந்திட்டன். அது களவுதான்."

"அட்டையை வெட்டிப்போட்டுப் புத்தகத்தை அநாதையா விட்டிட்டுப் போன பாவி நான்தான், பிள்ளை," என்றான் ஜெயதீபன். "எங்கள் ரெண்டு பேரிலை ஆர் கூடின கள்ளர் எண்டு பிறகு பாப்பம். இப்ப அதுகள் எங்கை?"

"எங்கை போறது? மயிலிட்டியிலை, எங்கடை அலுமாரிக்குள்ளை கிடக்கு."

அன்று அவள் போன பிறகு ஜெயதீபன் மதியச் சாப்பாட்டை மறந்தான். ஒருவருக்கு அடையாள அட்டைக் கொப்பியின் பின்பக்கத்தைத் தலைகீழாக லமினேற் செய்து கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுப் புதுக் கொப்பி எடுத்துக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அட்டைகளைப் பிறேமிலிருந்து கழற்றி, பழைய சேர்டிபிக்கற் பைலில் வைத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளை எடுத்தான். தாரிகா கைப்பையோடு வந்து பின்னால் ஏறினாள்.

"நீரும் வாறீரோ?"

"உங்களை அழவைக்கக்கூடிய புத்தகத்தை நானும் ஒருக்காப் பாக்க வேணும்," என்றாள். அவன் அழுததை யார் அவளுக்குச் சொன்னார்கள் என்று அவன் கேட்கவில்லை.

மயிலிட்டியில் ஆமி காணி விட்டு ஏழெட்டு வருடம். பற்றை வெட்டி, இடிந்த அத்திவாரத்தைத் தேடிப் பிடித்து, அதன்மேலேயே கட்டிய வீடு பிரசாந்தியுடையது. முற்றத்தில் நின்றால் கடல் தெரியும். வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரையில் அவளுடைய அப்பா முத்துக்குமாரு இருந்தார். எழுபத்தைந்து வயது. கை இரண்டும் கயிறு இழுத்து இழுத்து முறுகிய வேர் போல இருந்தன.

ஜெயதீபனைக் கண்டதும் எழும்பி நின்றார்.

"உங்கடை வீட்டிலை ஆறு வருசம் இருந்தனாங்கள், தம்பி. நல்ல தண்ணிக் கிணறு. நல்ல மண். எல்லாம் நல்லது, கடல்தான் இல்லை. தோட்டத்துக்குக் கூலிக்குப் போட்டு வந்து பின்னேரம் என்ன செய்யிறது எண்டு தெரியாது. உவள்தான் உந்தக் கதையளை எனக்கு வாசிச்சுக் காட்டுறது. எனக்கு எழுத்துக் கொஞ்சம் மட்டு. இருபத்துமூண்டையும் திருப்பித் திருப்பி ஆறு வருசம் கேட்டனான்."

"பேய்க்கதையெண்டு பயமில்லையோ, ஐயா?" என்று தாரிகா கேட்டாள்.

"அந்தக் காலத்திலை பேய் எண்டாச் சிரிப்புத்தான் வரும், பிள்ளை."

பிரசாந்தி அலுமாரியிலிருந்து புத்தகக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஜெயதீபன் அட்டையில்லாத, ஓரம் சுருண்ட, மஞ்சளான தாள்களை எதிர்பார்த்திருந்தான். மேசையில் இருந்தவை பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி மண்ணிறத் தாளால் உறை போட்ட புத்தகங்கள். ஒவ்வொரு உறையிலும் போல்பொயின்ற் பேனையால், ஒரு சின்னப் பிள்ளை கீறிய படம். பத்தொன்பதாம் இலக்கத்தில் ஒரு பக்கக் கன்னம் கொழுக்கட்டைபோல வீங்கிய தபாற்காரன் கையில் கடிதத்தோடு நின்றான். ஏழில் ஒரு மனிதன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கைக்கு ஐந்து விரல்.

"அட்டை இல்லாத புத்தகம் குளிரிலை நடுங்கிறமாதிரி இருந்தது," என்றாள் அவள், கொஞ்சம் வெட்கத்தோடு. "அதுதான் நானே கீறினனான்."

ஜெயதீபன் பைலைத் திறந்து, கொலின்ஸின் அட்டைகளை ஒவ்வொன்றாக அந்தந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தான். முத்துக்குமாரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஆறு வருடம் காதால் கேட்ட கதைகளின் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"உது ஆர்?"

"எலும்புக்கூடு, ஐயா. பன்ரெண்டாம் இலக்கம்."

"அதிலை எலும்புக்கூடு எங்கை வருது? அது வாடகை குடுக்காத குடித்தனக்காரன்ரை கதையல்லோ. மெலிஞ்ச ஆள் எண்டு ஒரு இடத்திலை சொல்லும். அவ்வளவுதான்." அவர் இன்னும் கிட்டக் குனிந்தார். "மீசை சரி. மீசை இருந்தது."

தாரிகா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு வழக்கு நடந்தது. மூன்றாம் இலக்கத்து வௌவால் மனிதன் கதைக்குள் குடை திருத்துகிறவன். ஏழாம் இலக்கத்துப் பச்சைக் கை, வாளி விழுந்து அதை எடுக்க இறங்கிப் பாசி பூசிக்கொண்ட ஒரு கணக்கப்பிள்ளையின் கை. கொலின்ஸ் ஒரு கதையையும் வாசித்ததில்லை. யாரோ தலைப்பை மட்டும் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அரை மணித்தியாலத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. முப்பது வருடம் அட்டையைப் பார்த்துத் தான் கட்டிய கதைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுவதை ஜெயதீபன் பார்த்துக்கொண்டிருந்தான். வலித்தது. ஆனால் சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

பயந்து பயந்து கடைசியாகக் கேட்டான்.

"இந்த மஞ்சள் சேலைக்காரி? இவளுக்குக் கடைசியிலை என்ன நடக்குது?"

பிரசாந்தி அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"அண்ணை, இப்பிடி ஒருத்தி ஒரு கதையிலையும் இல்லை."

"ஒண்டிலையுமோ?"

"ஒண்டிலையும் இல்லை. பாதிக் கதையிலை பொம்பிளையே இல்லை."

ஜெயதீபன் கதிரையில் சாய்ந்து இருந்தான். கிளிநொச்சிக் கொட்டிலில் பைலைத் திறந்து அவள் நனையாமல் இருக்கிறாளா என்று பார்த்திருக்கிறான். கொழும்பில் லொட்ஜ் அறையில், வேலை தேடி அலைந்த நாட்களில், உனக்கும் எனக்கும் ஓய்வில்லை என்று அவளோடு பேசியும் இருக்கிறான். அப்படி ஒருத்தி இல்லையாம். கொலின்ஸின் கைக்குப் பழக்கமான ஒரு முகம், அவ்வளவுதான்.

தாரிகா ஓர் அட்டையைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள்.

"எனக்கு முதல்லையே சந்தேகம்," என்றாள். "ஆள் ஓடுறா சரி. கையிலை ஒரு பையுண்டோ? ஒரு தண்ணிப் போத்தில் உண்டோ? சேலையைப் பாருங்கோ, ஒரு துளி சேறில்லை. இவ எங்கை இடம்பெயர்ந்தவ? சும்மா நடிக்கிறா."

முத்துக்குமாரு முதலில் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிரசாந்தி அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே தானும் சிரித்தாள். ஜெயதீபன் மனைவியைப் பார்த்தான். பதினாலு வருடம் கூட வாழ்ந்தவள், கடைசிச் சண்டையில் முள்ளிவாய்க்கால் வரை போய் வந்தவள், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பகிடியாகச் சொல்லி அவன் கேட்டதில்லை. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் வந்துவிட்டது.

பிளேன்ரீ வந்தது. ஜெயதீபன் பையிலிருந்து நூலும் ஊசியும் பசையும் எடுத்து வைத்திருந்தான். அட்டைகளை அந்தந்தப் புத்தகத்தில் சேர்த்துத் தைத்துவிடுகிற எண்ணத்தோடுதான் புறப்பட்டவன். இப்போது மண்ணிற உறைகளைப் பார்த்துவிட்டு அவற்றைத் திரும்பப் பைக்குள் வைத்தான்.

"ஒட்டேல்லையோ, அண்ணை?" பிரசாந்தி கேட்டாள்.

"அதுகளுக்கு அட்டை இருக்குது, பிள்ளை. என்னட்டைக் கடையிலை மெஷின் இருக்குத்தானே. உங்கடை புத்தகங்களை ஒவ்வொண்டாக் கொண்டு வாரும், எனக்கு ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு தாறன். என்ரை அட்டையளைக் கலரிலை அடிச்சு உங்களுக்கும் ஒரு கட்டு. சரியோ?"

அவள் தலையாட்டினாள். முத்துக்குமாரு மட்டும் இன்னும் ஓர் அட்டையை விடாமல் வைத்திருந்தார். நாலாம் இலக்கம், 'ஆறாவது பயணி'. பொங்குகிற கடலில் ஒரு வள்ளம், அதில் ஐந்து பேரும் ஒரு வெள்ளை உருவமும். அட்டைகள் மேசைக்கு வந்ததிலிருந்து அதைத்தான் அவர் அதிகம் திட்டியிருந்தார்.

"பாருங்கோ தம்பி, பாய் அங்காலை ஊதுது, கொடி இஞ்சாலை பறக்குது. காத்து ரெண்டு பக்கத்தாலையும் வீசுமோ? கடலைக் காணாதவன் கீறினது." சொல்லிவிட்டு அதைக் கீழே வைக்கவில்லை. விரலால் வள்ளத்தின் பக்கத்தைத் தடவினார். "நீலம். கீழை ஒரு சிவப்புக் கோடு. என்ரை வள்ளமும் இதே நிறந்தான். தொண்ணூறிலை இந்தக் கரையிலை இழுத்து வைச்சிட்டுப் போனது. திரும்பி வரேக்கை ஒரு பலகையும் இல்லை. படம் எடுத்து வைக்கவேணுமெண்டு ஆருக்கு அப்ப தெரியும்?"

வேப்பமரத்துக்கு மேலால் காற்று ஒருமுறை வந்து போனது. ஜெயதீபன் பறக்கப் பார்த்த மற்ற அட்டைகளைக் கையால் அமர்த்தினான். முப்பது வருடத்தில் அவன் அந்தக் கட்டிலிருந்து ஒன்றையும் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. கனடாவிலிருந்து வந்த மச்சான் பகிடிக்கு ஒன்றைக் கேட்டபோது இரண்டு நாள் அவனோடு கதைக்காமல் இருந்தவன்.

"அதை நீங்கள் வைச்சிருங்கோ, ஐயா."

"சீச்சீ. உங்கடை சாமான்."

"வைச்சிருங்கோ. நான் பிறேம் போட்டுக் கொண்டந்து தாறன்."

முத்துக்குமாரு அட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்து, "பிள்ளை, தம்பிக்கும் ஒண்டு குடு. வெறுங்கையோடை விடாதை," என்றார்.

பிரசாந்தி கட்டில் தேடி, பதினோராம் இலக்கத்தை எடுத்தாள். மண்ணிற உறையில் ஒரு ஆடு நின்றது. அதன் கழுத்தில் ஒரு மணி.

"இது எனக்குப் பிடிச்சது, அண்ணை. கொப்பியில்லை, இந்தப் புத்தகத்தையே வைச்சிருங்கோ. பயமாத்தான் இருக்கும், சொல்லிப்போட்டன்."

வெளிக்கிடும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. முத்துக்குமாரு படலை வரை வந்து, இனி மீன் வாங்கக் காங்கேசன்துறைக்கோ பருத்தித்துறைக்கோ போகத் தேவையில்லை, இங்கேயே வரலாம் என்று இரண்டு முறை சொன்னார்.

கடற்கரை ரோட்டில் மோட்டார்சைக்கிள் நூறு யார் போவதற்குள், பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டது. தாரிகா புத்தகத்தைத் திறந்துவிட்டாள்.

"என்ன, வீட்டை போய் வாசிக்கலாமே."

"நீங்கள் ரோட்டைப் பாத்து ஓடுங்கோ," என்றவள் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். ஒரு ஊர். ஊரில் ஒரு விதவை. அவளுக்கு ஒரு ஆடு. ஒவ்வொரு நாளும் ஆடு மேயப் போய் வரும்போது அதன் கழுத்தில் வேறொரு மணி கட்டியிருக்கிறது. யார் கட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. காற்றில் பாதிச் சொல் பறந்து போனது. ஜெயதீபனுக்கு இந்தக் கதை ஒரு துளியும் நினைவில்லை; இதற்கு முன் வாசித்தேயிராத மாதிரி இருந்தது. கேட்பதற்காக வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த ஓட்டோக்காரன் ஹோண் அடித்து, திட்டிக்கொண்டு விலத்திப் போனான்.

"ஐயோ," என்றாள் தாரிகா திடீரென்று.

"என்ன? என்ன நடந்தது?"

"பொறுங்கோ, பொறுங்கோ," என்று அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். ஜெயதீபன் ரோட்டோரமாக ஒரு பூவரச மரத்துக்குக் கீழே மோட்டார்சைக்கிளை நிறுத்தி, எஞ்சினை அணைத்தான்.